எண்ணிப் பின்னிய பை

 

சென்ற மாதம் ஒருநாள் மாலை, மதரஸாவில் பாடம் முடிந்து பிள்ளைகள் கலைந்து சென்ற பின்னர், என்னிடம் முன்பு ஓதிய மாணவி ஒருத்தி தேடி வந்தாள். அவள் கையில் நூலால் பின்னிய பை ஒன்று இருந்தது. அதன் ஒரு கைப்பிடி அறுந்து தொங்கியது. மற்றொன்று இழுபட்டு நீண்டு, கயிறுபோல் மெலிந்திருந்தது.

"உஸ்தாபி, இதை எங்கள் மாமியிடம் 450 ரூபாய்க்கு விற்றேன். மூன்று கிலோ அரிசி வைத்துத் தூக்கியபோது நடுத்தெருவில் அறுந்துவிட்டதாம். பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். நூலுக்கே 350 ரூபாய் செலவாகிவிட்டது" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் தழுதழுத்தது. தம்பியின் பள்ளிக் கட்டணத்துக்காக அவள் இந்தக் கைவேலையைத் தொடங்கியிருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

பையை வாங்கி விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். இரண்டு குறைகள் புலப்பட்டன. ஒன்று பையில் இருந்தது. மற்றொன்று அவள் சொன்ன கணக்கில் இருந்தது. இவ்விரண்டையும் பற்றி உங்களோடு பேசவே இம்மாதப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். குரோஷா ஊசியை இதுவரை கையில் எடுத்தறியாத சகோதரியும் இதைப் படித்து ஓர் உறுதியான பையைப் பின்னிவிடலாம்.

நூலும் ஊசியும்

நம் வீடுகளில் குரோஷா புதிதன்று. வெள்ளை நூலில் தொப்பி பின்னிய பெரியவர்கள் பல குடும்பங்களில் இருந்தார்கள். என் உம்மாவின் தையல் பெட்டியில் அப்படியொரு மெல்லிய எஃகு ஊசி இன்றும் இருக்கிறது. ஆனால் தொப்பிக்கும் பூவேலைக்கும் உரிய அந்த ஊசி பைக்கு உதவாது. பைக்குத் தடித்த நூலும் அதற்கேற்ற பருத்த ஊசியும் வேண்டும்.

வாங்க வேண்டியவை இவை:

ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள முறுக்கான பருத்தி நூல், 300 முதல் 350 கிராம் வரை. 4 மில்லிமீட்டர் குரோஷா ஊசி ஒன்று. முனை மழுங்கிய பெரிய தையல் ஊசி ஒன்று. கத்தரிக்கோல், அளவு நாடா, குறி வைப்பதற்கு வேறு நிறத்தில் ஒரு துண்டு நூல்.

கம்பளி போன்ற செயற்கை இழை நூல் மலிவாகவும் பளபளப்பாகவும் கிடைக்கும். அதைப் பைக்கு வாங்காதீர்கள். பாரம் ஏறினால் அது ரப்பர்போல் நீண்டுகொடுக்கும். அந்த மாணவியின் பை நீண்டதற்கு அது முதற்காரணம். நூல் முழுவதையும் ஒரே நேரத்தில் வாங்கிவிடுங்கள். ஒரே நிறம் என்று கடைக்காரர் கொடுத்தாலும், வேறு வேறு தடவை சாயமேற்றிய நூல்கள் சற்றே மாறுபட்டுப் பையின் நடுவே கோடு போட்டதுபோல் தெரியும்.

முதற்பாடம்

குரோஷா என்ற சொல்லுக்குப் பிரெஞ்சு மொழியில் சிறிய கொக்கி என்பது பொருள். கொக்கியால் ஒரு வளையத்தின் வழியே மற்றொரு வளையத்தை இழுப்பதுதான் முழுக் கலையும். நம் பைக்கு மூன்று பின்னல்கள் தெரிந்தால் போதும்.

முதலாவது, சங்கிலி. நூலில் ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு அதற்குள் ஊசியை நுழையுங்கள். நூலை ஊசியின் மேல் சுற்றி, ஏற்கெனவே உள்ள வளையத்தின் வழியே இழுங்கள். இது ஒரு சங்கிலி. மீண்டும் மீண்டும் செய்தால் சங்கிலி நீளும். எண்ணும்போது தொடக்க முடிச்சையும் ஊசியில் இருக்கும் வளையத்தையும் சேர்க்கக் கூடாது.

இரண்டாவது, ஒற்றைப் பின்னல். கண்ணியின் தலையில் சாய்ந்த இரண்டு இழைகள் தெரியும். அவ்விரண்டுக்கும் அடியில் ஊசியை நுழைத்து நூலை இழுங்கள். இப்போது ஊசியில் இரண்டு வளையங்கள் இருக்கும். மறுபடியும் நூலைச் சுற்றி, இரண்டின் வழியாகவும் ஒருசேர இழுத்துவிடுங்கள். பின்னல் வகைகளில் இது குட்டையானது. குட்டையான பின்னல் நெருக்கமாக அமையும், நெருக்கமானது நீளாது. வேகமாக முடிகிறதே என்று உயரமான பின்னலை நாடினால், உருளைக்கிழங்கு வாங்கிய அன்றே பை உங்களைக் கைவிட்டுவிடும்.

மூன்றாவது, நழுவல் கண்ணி. ஊசியை நுழைத்து நூலை இழுக்கும்போதே ஊசியில் உள்ள வளையத்தின் வழியாகவும் இழுத்துவிடுவது. ஓரங்களை இறுக்கிக் கட்ட இது பயன்படும்.

ஓர் எச்சரிக்கை. ஆங்கிலக் கைவேலை நூல்களைப் பார்த்துப் பின்னும் சகோதரிகள் அந்நூல் எந்த நாட்டினுடையது என்று கவனியுங்கள். அமெரிக்கர் ஒற்றைப் பின்னல் என்று சொல்வதையே ஆங்கிலேயர் இரட்டைப் பின்னல் என்கிறார்கள். இது தெரியாமல் பின்னினால் அளவு முழுவதும் மாறிவிடும்.

பையைத் தொடங்குமுன் ஒரு சிறு மாதிரி பின்னுங்கள். 17 சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி 16 ஒற்றைப் பின்னல் போடுங்கள். ஒவ்வொரு வரிசை முடிவிலும் ஒரு சங்கிலி போட்டுத் திருப்பி, மீண்டும் 16. இவ்வாறு 18 வரிசைகள். இது நீள அகலம் இரண்டிலும் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் வர வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இடைவெளி வழியே வெளிச்சம் தாராளமாகத் தெரிந்தால் இன்னும் சிறிய ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசியைக் குத்தவே இயலாதபடி இறுக்கமாக இருந்தால் சற்றுப் பெரிய ஊசி நல்லது.

அடிப்பகுதி

51 சங்கிலி போடுங்கள். ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி, 49 சங்கிலிகளில் ஒவ்வோர் ஒற்றைப் பின்னல் போடுங்கள். கடைசிச் சங்கிலியில் மட்டும் மூன்று. இப்போது பின்னலைத் திருப்பாமல் அப்படியே சுழற்றி, சங்கிலியின் மறுபக்கத்தில் 48 போடுங்கள். தொடங்கிய அதே சங்கிலியில் இன்னும் இரண்டு போட்டால் முதற்சுற்று நிறைவு பெறும். எண்ணிப் பாருங்கள்: 102 கண்ணிகள்.

முதல் கண்ணியில் வேறு நிற நூலைச் செருகிக் குறி வையுங்கள். இரண்டாம் சுற்றில் எல்லாக் கண்ணிகளிலும் ஒவ்வொன்று. இரு முனைகளிலும் மும்மூன்று கண்ணிகள் சேர்ந்திருக்கின்றன அல்லவா, அந்த ஆறு கண்ணிகளில் மட்டும் இரண்டிரண்டு. இப்போது 108 கண்ணிகள். அடியில் தையலே இல்லை என்பதைக் கவனியுங்கள். தையல் இல்லாத இடத்தில் பிரிவதற்கும் எதுவுமில்லை.

பையின் உடல்

இனிக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. 108 கண்ணிகளையும் சுற்றிச் சுற்றி ஒற்றைப் பின்னலால் 60 சுற்றுகள் பின்னுங்கள். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் குறி நூலை மேலே மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில்தான் புதியவர்கள் வழுக்குகிறார்கள். நானும் வழுக்கியிருக்கிறேன். கல்லூரி விடுமுறையில் நான் முதன்முதலில் பின்னிய பை அடியில் அகலமாகவும் வாயில் குறுகலாகவும் வந்து கவிழ்த்து வைத்த புனல்போல் இருந்தது. "இதை விளக்குக்கு மூடி போடலாம்" என்று உம்மா சொன்னார்கள். சுற்றுக்கு ஒரு கண்ணியை நான் தவறவிட்டிருந்தேன். ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் 30 சுற்றுகளில் 30 கண்ணிகள் காணாமற்போய்விடும்.

ஆகவே ஐந்து சுற்றுக்கு ஒருமுறையாவது நின்று எண்ணுங்கள். 108 வரவில்லையென்றால், தவறு நேர்ந்த இடம்வரை பிரித்துவிடுங்கள். பிரிப்பதில் வெட்கமில்லை. இழுத்தால் ஒரே நூலாக மீண்டு வந்து மறுபடியும் முதலிலிருந்து அனுமதிப்பது இந்தக் கலையின் பெருந்தன்மை. தையலில் வெட்டிய துணி அவ்வாறு மீளுமா?

நூல் தீர்ந்து புது நூல் இணைக்கும்போது, ஒரு கண்ணியின் கடைசி இழுப்பைப் புது நூலால் முடியுங்கள். இரண்டு நுனிகளையும் 15 சென்டிமீட்டர் நீளம் விட்டுவைத்து, மழுங்கிய ஊசியில் கோத்து, கண்ணிகளின் உள்ளே ஒருமுறை வலமும் ஒருமுறை இடமும் மீண்டும் வலமுமாக ஓட்டிவிடுங்கள். வெறும் முடிச்சை நம்பாதீர்கள். துவைக்கத் துவைக்க அது நெகிழும்.

கைப்பிடி

அந்த மாணவி கைப்பிடியைத் தனியே மூன்று வரிசையில் பின்னி, சாதாரணத் தையல் நூலால் பையின் விளிம்பில் தைத்திருந்தாள். பாரம் முழுவதும் அந்த மெல்லிய நூலின்மேல் விழுந்தது. அது அறுந்ததில் வியப்பென்ன? கைப்பிடி பையோடு ஒட்டப்படலாகாது. பையிலிருந்தே வளர வேண்டும்.

பையை மேசையில் தட்டையாக விரியுங்கள். சுருளாகப் பின்னியதால் தொடக்கக் குறி பக்கவாட்டிலிருந்து சற்று விலகியிருக்கும். பக்கவாட்டு மடிப்பு வரும் கண்ணிவரை ஒற்றைப் பின்னல் போட்டு, குறியை அங்கே மாற்றுங்கள். அங்கிருந்து 15 ஒற்றைப் பின்னல் போடுங்கள். பிறகு 70 சங்கிலி போட்டு, பையில் 24 கண்ணிகளை விட்டுவிட்டு, அடுத்த 30 கண்ணிகளில் ஒற்றைப் பின்னல். மறுபடியும் 70 சங்கிலி, 24 கண்ணிகளை விட்டு, எஞ்சிய 15. முறுக்கிக்கொள்ளாமல் சங்கிலியைக் கவனமாகப் பிடியுங்கள்.

இதன்மேல் நான்கு சுற்றுகள், கண்ணிகளிலும் சங்கிலிகளிலும் ஒன்றுகூட விடாமல் ஒற்றைப் பின்னல் போட வேண்டும். சுற்றுக்கு 200 கண்ணிகள். கடைசியாக, கைப்பிடியின் உள்வளைவில் புது நூலை இணைத்து, விட்டுவைத்த 24 கண்ணிகளிலும் சங்கிலியின் அடிப்புறம் 70 இடங்களிலும் நழுவல் கண்ணி போட்டுச் சுற்றி வாருங்கள். மறுபக்கத்திலும் அவ்வாறே. கைப்பிடி நீளாமல் தடுத்து நிறுத்துவது இந்தச் சிறு வேலைதான். அவசரத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

யாருக்கும் கொடுப்பதற்கு முன், பையில் மூன்று கிலோ அரிசியை வைத்து ஓர் இரவு முழுவதும் கதவுக் கொக்கியில் தொங்கவிடுங்கள். காலையில் கைப்பிடியை அளந்து பாருங்கள். சிறிது நீண்டிருக்கலாம், ஆனால் ஓரிடத்திலும் கண்ணி பிளந்திருக்கக் கூடாது. துவைத்தால் தொங்கவிட்டு உலர்த்தாமல், துண்டின்மேல் தட்டையாகப் பரப்பி உலர்த்துங்கள். ஈரப் பருத்தி தன் பாரத்தினாலேயே இழுபடும்.

இரண்டாவது குறை

இனி, அந்த மாணவியின் கணக்குக்கு வருவோம்.

"இதைப் பின்ன எத்தனை மணி நேரம் ஆயிற்று மகளே?" என்று கேட்டேன்.

"நேரத்தை யார் கணக்கிட்டார்கள் உஸ்தாபி? சும்மா இருந்த நேரத்தில் பின்னியதுதானே" என்றாள்.

சும்மா இருந்த நேரமா? நான் ஒரு தாளை எடுத்தேன். மேலே சொன்ன பையில் அடிப்பகுதிக்கு 210 கண்ணிகள். உடலுக்கு 6,480. கைப்பிடிக்கு 1,000. உள்வளைவுக்கு 188. ஆக 7,878 கண்ணிகள். புதியவர் நிமிடத்துக்குப் பத்துக் கண்ணி பின்னுவதாக வைத்துக்கொண்டால் 13 மணி நேரம் ஆகிறது. அவள் பையும் ஏறக்குறைய இதே அளவுதான். 450 ரூபாயில் நூலின் விலை போக நின்றது 100 ரூபாய். மணிக்கு எட்டு ரூபாய்கூட இல்லை! தாளைப் பார்த்த அவள் நெடுநேரம் பேசவில்லை.

சகோதரிகளே, இது அவள் ஒருத்தியின் கதை அன்று. குரோஷா பின்னலை வணிக அளவில் செய்யும் இயந்திரம் இன்றளவும் வழக்கத்துக்கு வரவில்லை. துணி நெய்ய விசைத்தறி உண்டு. ஸ்வெட்டர் பின்னவும் இயந்திரம் உண்டு. குரோஷாவுக்குக் கைதான். கடையில் தொங்கும் ஒவ்வொரு குரோஷா பைக்குப் பின்னாலும் யாரோ ஒருவருடைய கையும் கண்ணும் இருக்கின்றன.

அயர்லாந்தில் 1845ஆம் ஆண்டு தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது, எத்தனையோ பெண்கள் குரோஷா லேஸ் பின்னி விற்று வீட்டில் அடுப்பெரியச் செய்தார்கள். நம் நாட்டில் ஆந்திரத்து நரசாப்பூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறித்தவ மிஷனரிகள் வழியே இக்கலை பரவியது. அங்கே வீடுவீடாகப் பெண்கள் பின்னிய லேஸ் கடல் கடந்து விற்பனையாயிற்று. ஆனால் ஜெர்மானிய ஆய்வாளர் மரியா மீஸ், அவர்களைப் பற்றி 1982இல் வெளியிட்ட நூலில் ஒரு கசப்பான உண்மையைக் காட்டினார். நாள்முழுதும் உழைத்த அப்பெண்கள் தொழிலாளர்களாக எண்ணப்படவே இல்லை. அவர்கள் 'இல்லத்தரசிகள்', அவர்கள் செய்வது 'ஓய்வுநேர வேலை' என்ற எண்ணமே அவர்களுடைய கூலியைக் குறைத்து வைத்தது. லாபம் வியாபாரிகளிடம் சேர்ந்தது. நரசாப்பூர் குரோஷா லேசுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது மகிழ்ச்சிக்குரியது. என்றாலும் பொருளுக்குப் பெயர் கிடைப்பது வேறு, பின்னியவளுக்குக் கூலி கிடைப்பது வேறு.

'சும்மா இருந்த நேரம்' என்று என் மாணவி சொன்னதும் அதே சொல்தானே? அந்தச் சொல்லை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் யார்? நாம்தான். கடையில் ஒட்டியிருக்கும் விலையை மறுபேச்சின்றிக் கொடுக்கும் நாம், உறவுக்காரப் பெண் பின்னியதென்றால், "வீட்டில் இருந்துகொண்டுதானே செய்கிறாய், குறைத்துக் கொடு" என்கிறோம்.

விலை வைக்கும் முறை

ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். ஊசியை எடுத்த நேரத்தையும் வைத்த நேரத்தையும் எழுதுங்கள். கற்றுக்கொள்ளும் காலத்து மந்தத்தை வாங்குபவர்மேல் சுமத்துவது நியாயமன்று. கை பழகினால் நிமிடத்துக்கு 20 கண்ணி வரும். அப்போது இந்தப் பை ஆறரை மணி நேரத்தில் முடியும். அதையே அளவாகக் கொள்ளுங்கள். மணிக்கு 50 ரூபாய் என்று வைத்தால் உழைப்புக்கு 325 ரூபாய். நூலுக்கு 350. ஆக 675 ரூபாய். அந்த விலைக்கு உங்கள் ஊரில் பை விலைபோகாதென்றால், சிறிய பணப்பையோ கைப்பேசி உறையோ பின்னி விற்கலாம். அன்பளிப்பாகவும் கொடுக்கலாம். அன்பளிப்பை அன்பளிப்பென்றே கொடுப்போம்; நஷ்டத்தை விற்பனை என்று பெயரிட்டு நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கியது. பல ஆண்டுகள் உழைக்கும் பைக்கு இப்போது தேவை இருக்கிறது. தேவை இருக்கும் பொருளுக்கு உரிய விலை கேட்பதில் கூச்சம் எதற்கு?

அந்த மாணவி பழைய பையின் நூலை ஒதுக்கிவிட்டு, பருத்தி நூலில் புதிதாகப் பின்னினாள். 41ஆம் சுற்றில் 105 கண்ணிகள்தாம் இருக்கக் கண்டு, ஆறு சுற்றுகளைப் பிரித்து மறுபடியும் பின்னினாள். அரிசி வைத்துத் தொங்கவிட்டுப் பார்த்த பிறகு, அந்தப் பையை மாமியிடமே கொண்டுபோய் முன்னதற்கு ஈடாகக் கொடுத்தாள். கூடுதல் பணம் கேட்கவில்லை. தன் குறைக்குத் தானே பொறுப்பேற்றது சரியென்றே எனக்கும் பட்டது. அடுத்த பைக்கு 675 ரூபாய் சொன்னாள். இரண்டு பேர் அதிகம் என்று சொல்லிப் போய்விட்டார்கள். மூன்றாமவர் கைப்பிடியை இழுத்துப் பார்த்து, பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டாராம்.

போன வாரம் அவள் குறிப்பேட்டைக் காட்டினாள். ஒரு பக்கத்தில் சுற்றுகளின் எண்ணிக்கை; எதிர்ப்பக்கத்தில் மணிக்கணக்கு. இரண்டையும் அவள் ஒரே கவனத்தோடு எழுதியிருந்தாள்.

நீங்களும் இன்றைக்கு 17 சங்கிலியில் தொடங்குங்கள். உங்கள் வீட்டில் யாரேனும் பின்னிக்கொண்டிருந்தால், "எத்தனை மணி நேரம் ஆயிற்று?" என்று ஒருமுறை கேளுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.